ஊர்ப் பொங்கல் விழாவில் கைவினைஞர்களுக்கு இடம் அமைக்கும் முறை

தைப் பொங்கலை ஒட்டி நடக்கும் ஊர்ப் பொது விழாக்களில் பாட்டு, பட்டிமன்றம், விளையாட்டுப் போட்டிகளுடன் கைவினைக் கடைகளும் இருக்க வேண்டும் என்று நினைக்கும் குழுக்கள் பெருகியிருக்கின்றன. தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊரில் சில ஆண்டுகளாக இந்தப் பொறுப்பை ஏற்றுச் செய்துவருகிறோம். பத்தமடையின் கோரைப் பாய், காருகுறிச்சியின் மண்பாண்டம், அம்பாசமுத்திரத்தின் மரச் செப்புச் சாமான் (குழந்தைகள் விளையாடும் சிறு சமையல் பொருள்கள்), வீரவநல்லூரின் கைத்தறிச் சேலை, சற்றுத் தொலைவில் மணப்பாட்டின் பனையோலைப் பொருள்கள் என எங்களைச் சுற்றியே இத்தனை தொழில்கள் இருப்பதால், வேறெங்கும் போய்த் தேட வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. பிற மாவட்டங்களில் இருப்பவர்கள் தங்கள் பகுதியின் தொழில்களை இந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

விழாவுக்கு வரும் கைவினைஞர் ஒவ்வொருவரும் தம்முடைய வேலை நாள்களை விட்டுவிட்டு வருகிறார். மூன்று நாள் விழா என்றால் அவருக்குச் சரக்குக் கட்டும் நாளும் திரும்பிப் போய் இறக்கும் நாளும் சேர்ந்து ஐந்து நாள். அந்த ஐந்து நாள்களில் அவர் வீட்டில் இருந்திருந்தால் என்ன சம்பாதித்திருப்பாரோ அதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு எவரும் திரும்பக் கூடாது என்பதே எங்கள் குழு வைத்துக்கொண்ட அளவுகோல். அழைக்கும் நாளிலிருந்து விளக்கை அணைக்கும் நேரம் வரை எல்லா ஏற்பாடுகளையும் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்கிறோம்.

அழைப்பதற்கு உரிய காலம்

தையில் நடக்கும் விழாவுக்கு மார்கழியில் போய் அழைப்பதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்யும் முதல் தவறு. நாங்களும் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வனைந்த பானை உலராது, சூளைக்கு வேண்டிய விறகும் நனைந்திருக்கும். சாயம் தோய்த்த கோரையை வெயிலில் விரிக்க முடியாது. ஓலையிலும் பூசணம் பிடிக்கும். மழை விட்டு மார்கழி பிறந்தால் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குப் பொங்கல் பானையும் அடுப்புக் கட்டியும் செய்து முடிக்கவே பொழுது போதாது. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில்தான் வருகிறது என்பதால், அப்போது போய் விழாக் கடைக்குத் தனியாகப் பொருள் செய்யச் சொல்வது அவருக்குத் தொல்லையாகவே முடியும்.

ஆகவே ஆடி மாதத்திலேயே பேச வேண்டும். ஆடிக் காற்றும் ஆவணி வெயிலும் உள்ளபோது செய்துவைத்த பொருள் மழைக்கு முன்பே உலர்ந்து தயாராகிவிடும். அந்த நேரத்தில் மூலப்பொருள் வாங்குவதற்குச் சிறிய முன்பணமும் கொடுத்துவிட்டால், வட்டிக்குக் கடன் வாங்காமல் அவரால் சரக்குச் சேர்க்க முடியும். முன்பணத்தை விற்பனையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பனை குறைந்துபோனால் திருப்பிக் கேட்பதில்லை என்பதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. விழா நாளையும் காணும் பொங்கலுக்குப் பிந்தைய நாள்களாக வைத்துக்கொண்டால் பானை விற்பவர் தம்முடைய சந்தை வியாபாரத்தை முடித்துவிட்டு நிம்மதியாக வருவார்.

அழைப்பைக் கடிதமாகவோ கைபேசிச் செய்தியாகவோ மட்டும் அனுப்பாமல் நேரில் போவதையே பரிந்துரைக்கிறேன். வேலை நடக்கும் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவர் என்னென்ன செய்கிறார், எதை விரும்பிச் செய்கிறார், எதை வியாபாரியின் கட்டாயத்துக்காகச் செய்கிறார் என்பதெல்லாம் தெரியவரும். வீட்டுப் பெண்கள்தான் உண்மையில் வேலை செய்கிறார்கள், விற்பனைக்கு மட்டும் ஆண்கள் வருகிறார்கள் என்ற நிலையும் பல தொழில்களில் உண்டு. அங்கே பெண்களிடம் நேரடியாகப் பேசி, அவர்கள் விழாவுக்கு வர என்னென்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். பத்தமடையில் பாய் நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். விழா நாள் நோன்பு மாதத்தில் விழுகிறதா என்று பார்ப்பது, தொழுகைக்கு அருகில் ஓர் அறை ஒதுக்குவது, இருட்டிய பிறகு வீடு போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்வது ஆகியவற்றைச் செய்தால்தான் அவர்களால் வர முடியும். விழாவைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் பள்ளி மைதானத்துக்கு மாற்றியதற்கு எங்களுக்கு இதுவும் ஒரு காரணம். கழிப்பறை தூய்மையாகவும் அருகிலும் இருப்பது பெண்கள் எல்லோருக்கும் பொதுவான தேவை. அது இல்லாமல் நாள் முழுவதும் ஒருவரைக் கடையில் உட்காரச் சொல்வது முறையன்று.

செய்தவரே விற்க வேண்டும்

யாருக்கு இடம் கொடுப்பது என்பதில் ஒரே விதி போதும்: பொருளைச் செய்தவரோ அவர் வீட்டாரோதான் கடையில் இருக்க வேண்டும். இந்த விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பாய் ஒன்றே போதுமான எடுத்துக்காட்டு. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் ஏற்றி, தரையோடு தரையாக அமைந்த தறியில் பருத்தி நூலைப் பாவாக, அதாவது நீளவாட்டு இழையாக, வைத்துக் கையால் கோத்து நெய்கிறார்கள். நூறுக்கு மேல் இழை எண்ணிக்கை கொண்ட நயமான பட்டுப்பாய் துணிபோல மடியும். ஒரு பாய்க்கே பல வாரங்கள் பிடிக்கும். அதே வேளையில் விசைத்தறியில் ஒரு நாளில் பல பாய்கள் நெய்யப்படுகின்றன. அவற்றையும் பத்தமடைப் பாய் என்று கூவி விற்பவர்கள் உண்டு. இரண்டும் அடுத்தடுத்த கடையில் இருந்தால் வாங்க வருபவர் விலையை மட்டும் பார்த்து நகர்ந்துவிடுவார். மாதக் கணக்கில் உழைத்தவர் வாய்மூடி உட்கார்ந்திருக்க நேரும். விசைத்தறிப் பாய் விற்பது குற்றமில்லை, அதையும் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அதற்குரிய இடம் கைவினைப் பகுதியில் இல்லை.

ஒரே பொருளை விற்கும் கடைகள் இரண்டுக்கு மேல் வேண்டா. மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து கடைகள் ஒரு சிற்றூர் விழாவுக்குப் போதும். இருபத்தைந்து கடைகள் போட்ட ஆண்டில் எங்கள் மைதானம் நிறைந்து அழகாக இருந்தது. ஆனால் கூட்டம் அதே அளவில் இருந்ததால் ஒவ்வொருவரின் விற்பனையும் பாதியாகிவிட்டது. ஓவியம் வரையும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் தனிக் கடை கொடுப்பதைவிட, ஒரு நீளமான படுதாச் சுவரை ஒதுக்கி ஆளுக்கு ஆறடி என்று பிரித்துக் கொடுப்பது பொருந்தும். கண்ணாடிச் சட்டமிட்ட படங்களின் மேற்பகுதி சற்று முன்னோக்கிச் சாயும்படி மாட்டினால் விளக்கொளி பார்ப்பவரின் கண்ணில் பிரதிபலிக்காது.

பணத்தைப் பற்றிய பேச்சு

கடை வாடகை வாங்காதீர்கள். விற்பனையில் பங்கும் கேட்காதீர்கள். பந்தல், மின்சாரம், காவல் ஆகியவற்றுக்கான செலவை உணவுக் கடைகளின் வாடகையிலிருந்தும் ஊர்க் கடைக்காரர்களின் நன்கொடையிலிருந்தும் திரட்ட முடியும்; நாங்கள் அப்படித்தான் திரட்டுகிறோம். கைவினைஞருக்கு வண்டிக் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, வெளியூர்க்காரர் என்றால் தங்குமிடம் ஆகியவை குழுவின் பொறுப்பு. இவற்றுடன், செய்முறை காட்டுபவருக்கு அன்றாடக் கூலி தனியாகக் கொடுக்க வேண்டும். சக்கரத்தில் உட்கார்ந்து பானை வனைந்துகொண்டே இருப்பவரால் விற்பனையைக் கவனிக்க முடியாது. அவர் கூட்டத்தை இழுப்பதால் பக்கத்துக் கடைகளும் பயனடைகின்றன. இதைக் கூலியாகவே கருதிக் கொடுக்க வேண்டும். அன்பளிப்பு என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது அதற்கு ஈடாகாது.

விலை குறிப்பதில் கைவினைஞர்களுக்கு உதவி தேவைப்படுகிறது. வியாபாரி கொடுக்கும் விலையையே தம் பொருளின் மதிப்பு என்று நினைத்துப் பழகியவர்கள், நேரடியாக விற்கும் இடத்திலும் அதைவிடச் சற்றே கூட்டிச் சொல்கிறார்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பாக ஒவ்வொருவருடனும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பனையோலைப் பெட்டிக்கு ஓலைக்கும் சாயத்துக்கும் 80 ரூபாய் ஆகிறது, முடைவதற்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலைக்கு 500 ரூபாய் கூலி என்றால் ஆறு மணி நேரத்துக்கு 375 ரூபாய். ஆக அடக்கம் 455 ரூபாய். நெளிந்துபோவதும் விற்காமல் தங்குவதும் பத்தில் ஒன்றாவது இருக்கும். அதற்காக 45 ரூபாய் சேர்த்தால் 500. தேய்கிற கத்தி, ஊசி போன்ற கருவிகளுக்கும் அடுத்த முறை ஓலை வாங்குவதற்கும் 50 ரூபாய் ஒதுக்கினால் விலை 550. இந்த எண்கள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. தம் கூலியை இப்படித் தாளில் எழுதிப் பார்த்த ஒரு பெண்மணி, இத்தனை ஆண்டுகள் ஒரு நாள் உழைப்புக்கு நூறு ரூபாய்கூடத் தேறாத விலைக்குக் கொடுத்துவந்ததை அன்றுதான் அறிந்தார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

கணக்கிட்ட விலையை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பொருளின் அருகில் வைத்துவிட்டால் பேரம் பெருமளவு குறைகிறது. விலை தெரியாத இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துபோகிறவர்களும் நின்று பார்ப்பார்கள். அந்த அட்டையிலேயே செய்தவரின் ஊர், மூலப்பொருள், செய்யப் பிடித்த காலம் ஆகிய மூன்றையும் இரண்டு வரியில் எழுதலாம். "கோரை, பருத்தி நூல், இருவர் சேர்ந்து நெய்ய இருபது நாள்" என்று படித்த பிறகு விலையைக் குறைத்துக் கேட்க மனம் வருவதில்லை. விழாவின் ஒலிபெருக்கியிலும் நாளுக்கு ஓரிரு முறை, கைவினைக் கடைகளில் விலை குறைத்துக் கேட்க வேண்டாம் என்று பணிவுடன் அறிவிக்கிறோம்.

எல்லா விலையிலும் பொருள் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பட்டுப்பாயைப் பார்த்து வியப்பவர் நூற்றில் ஒருவர்தான் வாங்குவார். மற்றவர்கள் அதே கோரையில் செய்த சிறு தடுக்கையோ கைப்பையையோ வாங்கிப் போவார்கள். மண்பாண்டத்தில் பத்து ரூபாய் அகல், செப்புச் சாமானில் ஒற்றைப் பம்பரம் என்று குழந்தைகள் தம் கைக்காசில் வாங்கக்கூடியவை கட்டாயம் இருக்கட்டும். கைபேசி வழியாகப் பணம் பெறும் கியூஆர் அட்டை இல்லாதவர்களுக்கு விழாவுக்கு முன்பே அவர்கள் சொந்த வங்கிக் கணக்கில் அதை ஏற்படுத்திக் கொடுங்கள். குழுவின் கணக்கில் பணம் வாங்கிப் பிறகு பிரித்துத் தருவதாகச் சொல்வது வீண் சந்தேகங்களுக்கு இடம் தரும். காலையில் ஒவ்வொரு கடைக்கும் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக் கொடுப்பது மிகச் சிறிய உதவி. ஆனால் அதனால் கைவிட்டுப் போகாத விற்பனை பல. வரியைப் பற்றிச் சிலர் அஞ்சுகிறார்கள். மாநிலத்துக்குள் பொருள்களை மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மைதானமும் பந்தலும்

கைவினைக் கடைகளை நுழைவாயிலுக்கும் மேடைக்கும் இடைப்பட்ட வழியில் அமைக்க வேண்டும். எங்கள் முதல் விழாவில் உணவுக் கடைகளுக்குப் பின்னால், மைதானத்தின் கோடியில் இடம் கொடுத்தோம். சாப்பிட்டு முடித்தவர்கள் அப்படியே மேடைப் பக்கம் திரும்பிவிட்டதால் பாதிப் பேர் கடைகளைப் பார்க்கவே இல்லை. வந்த புகையும் எண்ணெய் வாடையும் வெண்ணிறப் பாய்களில் ஏறிவிட்டன. கோரையும் ஓலையும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் அடுப்பு எரியும் இடத்திலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி வைப்பதும், நான்கு கடைகளுக்கு ஒரு மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும் வைப்பதும் பாதுகாப்புக்கும் தேவை.

ஒரு கடைக்குப் பத்துக்கு எட்டடி போதும். எதிரெதிர் வரிசைகளுக்கு இடையே பன்னிரண்டு அடியாவது விட்டால்தான் ஒருவர் நின்று பார்க்கும்போது மற்றவர்கள் இடிக்காமல் போக முடியும். மைதானம் புழுதியாக இருந்தால் காலையும் பிற்பகலும் வழியில் நீர் தெளிக்க வேண்டும். பந்தல்காரர் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி மேசை போட்டுவிட்டுப் போவார். அதை அப்படியே ஏற்க வேண்டாம். பானைகள் மேசையில் வைத்தால் விழுந்து உடையும், பார்க்கவும் பொருந்தாது; செங்கல்லும் பலகையும் வைத்து மூன்று படி அமைத்து, கீழே மணல் பரப்பி அடுக்குவது நல்லது. பாயைச் சுருட்டி வைத்தால் அதன் வேலைப்பாடு யாருக்கும் தெரியாது. பின்புறம் மூங்கில் கழியில் இரண்டு பாய்களை முழு நீளத்துக்குத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பாயை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள் என்று எழுதி வையுங்கள். உள்ளங்கையும் பாதமும் அந்த வழவழப்பை உணர்ந்த பிறகுதான் அதன் அருமை புரியும். மரச் செப்புகளைக் குழந்தைகளின் கண்ணுக்கு எட்டும்படி இரண்டடி உயரத்தில் வைக்க வேண்டும்; அடுப்பு, அம்மி, உரல், திருகை என்று ஒரு முழுச் சமையலறையாக அடுக்கிக் காட்டினால் பாட்டிமார்கள் பேத்திகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். சேலையை மடித்து அடுக்காமல் முந்தானையும் கரையும் தெரியும்படி தொங்கவிட வேண்டும். ஆனால் நண்பகல் வெயில் நேராகப் படும் பக்கத்தில் வேண்டா, சாயம் வெளுக்கும்.

விழாவுக்கு மக்கள் திரள்வது மாலை ஐந்து மணிக்கு மேல்தான். அப்போது கடையில் ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் கடைக்காரரின் தலைக்குப் பின்னால் எரிந்தால் பொருள் இருட்டிலும் விளக்கு பார்ப்பவர் கண்ணிலும் இருக்கும். விளக்கு கடையின் முன்விளிம்பில், உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். மரம், மண் ஆகியவற்றுக்கு மஞ்சள் ஒளியும், பாய், சேலை ஆகியவற்றின் நிறம் மாறாமல் தெரிய இளவெண்ணிற ஒளியும் பொருந்தும். தோற்பாவைகளை வைப்பவர் வந்தால் அவருக்கு விளக்கு பின்னால்தான் இருக்க வேண்டும். வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னே ஒளி விழும்போதுதான் தோலில் ஏற்றிய சிவப்பும் பச்சையும் உயிர்பெறும்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கைவினைக் கடைகளை நோக்கித் திருப்பி வைக்காதீர்கள். விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்வதுதான் அங்கே நடக்கும் முதன்மையான நிகழ்ச்சி. எங்கள் பகுதியின் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் மேடையில் நடக்கும் நேரத்தில் கைவினைஞர்களும் அவற்றைப் பார்க்க விரும்புவார்கள் என்பதால், ஒரு கடைக்கு ஒரு தன்னார்வலர் வீதம் அரை மணி நேரம் மாற்றி உட்காரச் செய்கிறோம். கலைஞர்களும் இடைவேளையில் கடைகளைப் பார்க்க வருகிறார்கள்.

கை வேலையைக் காட்டுதல்

விழாவில் கைவினைக்கு உண்மையான கவனம் கிடைப்பது செய்முறை காட்டும் இடத்தில்தான். ஆனால் ஒவ்வொரு தொழிலையும் மைதானத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதை முன்பே ஆராய வேண்டும்.

மண்பாண்டம் எல்லாவற்றிலும் எளிது. மின்சாரத்தில் சுழலும் சக்கரம், ஊறவைத்துப் பிசைந்த களிமண், குழாயடிக்கு அருகில் ஓர் இடம் ஆகியவை போதும். குழந்தைகள் கை வைத்துப் பார்க்க இரண்டாவது சக்கரம் ஒன்று இருந்தால் முதல் சக்கரத்தில் வேலை தடைப்படாது. வரிசையில் நிற்கும் குழந்தைக்கு நான்கு நிமிடம் என்று ஒரு தன்னார்வலர் ஒழுங்குபடுத்த வேண்டும். அந்தப் பொறுப்பைக் கைவினைஞரின் மேல் ஏற்றக் கூடாது. குழந்தை செய்த பச்சை அகலைக் கொடுத்தனுப்பும்போது, இது சுடாத மண், நீர் பட்டால் கரைந்துவிடும் என்று சொல்லிவிடுங்கள்.

மரக் கடைசலுக்கு எச்சரிக்கை தேவை. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வின் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படிவதைப் பார்க்கக் கூட்டம் நெருங்கும். சீவல் தெறிக்கும், தாவணியோ துண்டோ பட்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. நாற்புறமும் ஆறடி விட்டுக் கயிறு கட்டுங்கள். கடைசல்காரருக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். சக்கரத்தின் விசை நிறுத்தும் பொத்தான் அவர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று மின்பணியாளர் பார்க்கட்டும்.

பாய்த்தறி தரையில் பரவி அமைவது. சமதளமான, நிழலான, காற்றுத் தடுத்த நீளமான இடம் வேண்டும். முதல் நாள் மாலையே வந்து பாவு கட்டிவிட வேண்டும், விழா நாள் காலையில் தொடங்கினால் நண்பகல் வரை பார்ப்பதற்கு ஒன்றும் இராது. தறிக்கு முன்னால் பச்சைக் கோரை, கிழித்த கோரை, சாயமிட்ட கோரை ஆகியவற்றைச் சிறு கட்டுகளாக வைத்தால் கேட்பவர்களுக்கு நெசவாளர் நூறு முறை வாயால் விளக்க வேண்டிய சுமை குறையும். கைத்தறியின் குழித்தறியைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. அதற்கு மாறாக, விழாவின் இரண்டாம் நாள் காலையில் இருபது பேர் கொண்ட குழுவை வீரவநல்லூருக்கு அழைத்துப் போய்த் தறிக்கூடத்திலேயே காட்டினோம். ஒரு மணி நேரத் தறிவேலையை நிறுத்தி விளக்கியவருக்கு அதற்குரிய தொகையைக் கொடுத்தோம்.

ஓலை முடைதல்தான் கற்றுக்கொடுக்க மிகப் பொருத்தமானது. ஒரு பாய், கத்தி, ஒரு குவளை நீர், நறுக்கி வைத்த குருத்தோலை ஆகியவற்றோடு பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலுகிலுப்பையாவது செய்து எடுத்துப் போகலாம். இதற்கு ஆளுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கி முழுவதையும் கற்றுக்கொடுப்பவரிடமே கொடுக்க வேண்டும். இலவசமாக வைத்த ஆண்டில் பதிவு செய்த பலர் வரவில்லை. கட்டணம் வைத்த பிறகு எல்லோரும் வந்தார்கள்.

செய்முறை எதுவானாலும் ஒரு மணி நேரத்துக்குக் கால் மணி ஓய்வு இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன் கேட்டு எடுக்கும்படி ஒரு பலகை வைப்பதும், வேலையில் இருப்பவரைக் கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப அதே அசைவைச் செய்யச் சொல்லும் பழக்கத்தைத் தடுப்பதும் குழுவின் கடமை.

மழை, இரவு, பொட்டலம்

தை மாதத்தில் மழை அரிது என்றாலும் இரவில் பனி கடுமையாக இறங்கும். பாயும் ஓலையும் ஒரே இரவில் ஈரம் ஏறி மறுநாள் வாடை வீசும். கடை மூடியதும் அவற்றைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிட வேண்டும். பூட்டின் ஒரு சாவி கைவினைஞர்களில் ஒருவரிடம் இருக்கட்டும். பானைகளை அங்கேயே தார்ப்பாயால் மூடிவிட்டு, இரவுக் காவலுக்கு இருவரை அமர்த்தலாம். திடீரென மழை வந்தால் எந்தக் கடைக்கு எந்தத் தன்னார்வலர் ஓட வேண்டும் என்பதை முதல் நாளே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பைகளுக்குத் தடை உண்டு. குழுவே மஞ்சப்பைகளை மொத்தமாக வாங்கி எல்லாக் கடைகளுக்கும் கொடுத்துவிட்டால் கைவினைஞருக்குச் செலவு மிச்சம். பானைக்குப் பழைய செய்தித்தாளும் வைக்கோலும் போதும். உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோலைத் திணித்து, வெளியே தாள் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தால் பேருந்தில் போகிறவரும் தயங்காமல் பெரிய பானை வாங்குவார். இதற்கென்றே பயிற்சி பெற்ற இரண்டு மாணவர்களை ஒரு மேசையில் அமர்த்திய ஆண்டில் பெரிய பானைகள் மூன்றாம் நாள் நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டன.

அனுமதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மைதானத்துக்கு உரியவர், பேரூராட்சி, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், தற்காலிக மின் இணைப்புக்கு மின்வாரிய அலுவலகம் என ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

விழா முடிந்த பிறகு

கடைசி நாள் இரவில் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு விற்றது, எது விற்றது, எது கேட்கப்பட்டும் இல்லாமல் போனது என்ற மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். களைப்பில் இதை மறுநாளுக்குத் தள்ளினால் பிறகு நடக்காது. மேலே சொன்ன அளவுகோலின்படி யாருக்காவது ஐந்து நாள் வருமானம் தேறவில்லை என்றால், மீதிச் சரக்கில் ஒரு பகுதியைக் குழுவே அடக்க விலைக்கு வாங்கி, ஊர்ப் பள்ளிகளின் ஆண்டு விழாப் பரிசுகளுக்குப் பயன்படுத்தலாம். நாங்கள் இப்படி வாங்கிய ஓலைப் பெட்டிகள் இரண்டு பள்ளிகளில் எவர்சில்வர் தட்டுகளின் இடத்தைப் பிடித்திருக்கின்றன.

கடையில் ஒரு நோட்டை வைத்து, பின்னர் வாங்க விரும்புபவர்களின் தேவையைக் குறித்துக்கொள்ளச் சொல்வது மிகுந்த பயன் தருகிறது. மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாய் கேட்பவர்கள் விழாவில் வாங்கிப் போக முடியாது. முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிக் கேட்பவரிடம் எழுத்தின் சரியான வடிவத்தைத் தாளில் எழுதி வாங்குவது, முடிக்கும் நாளைக் கைவினைஞர் சொல்வதைவிட இரண்டு வாரம் தள்ளிக் குறிப்பது, பாதிப் பணத்தை முன்னதாகவே பெறுவது ஆகிய மூன்றையும் தன்னார்வலர் ஒருவர் அருகிலிருந்து செய்து கொடுத்தால் பின்னால் மனத்தாங்கல் வராது.

விழா முடிந்த வாரத்தில் மற்றொரு வேலையும் உண்டு. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்குகிறது; அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க அது உதவும். பூம்புகார் என்று நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973 முதல் இயங்குகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கைவினைத் தொழில்களுக்கான கடன், மானியத் திட்டங்களைக் கேட்டறியலாம். இவற்றுக்கான விண்ணப்பங்களை நிரப்புவதற்குத் தேவையான படங்களும் விற்பனை விவரமும் விழாவிலேயே குழுவிடம் சேர்ந்துவிடுகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, அதே திண்ணையில் உட்கார்ந்து அடுத்த ஆடியில் எந்த வாரம் வரலாம் என்பதையும் கேட்டுக்கொண்டு வருகிறோம்.